பெண் பார்க்கப் போன காரில் நான் இறக்கிய காற்று

சைக்கிள் கடை வாசலில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உடம்பில் பட்டு ஜிப்பா. கையில் ஒரு ஆணி. எதிரே கறுப்பு நிறக் கார் ஒன்றின் வலப்பக்கத்து முன் சக்கரம். ஆணியால் வால்வை அழுத்துகிறேன். உஸ்ஸென்று காற்று வெளியே வந்து முகத்தில் அடிக்கிறது. ரப்பர் வாசனை.

பக்கத்தில் டிரைவர் மன்னாரு நின்றுகொண்டு, வயிற்றுவலிக்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறார்.

"வாணாம் சார். காத்து கொறஞ்சா டயரு வளையும். வளைஞ்சா சூடேறும். அப்பறம் வெடிச்சிரும்."

"நீங்க சொல்றது தலைகீழ் மன்னாரு. சூட்டுல காத்து விரியும். விரிஞ்சாத்தான் வெடிக்கும். இப்பவே கொஞ்சம் எறக்கிட்டா விரியறதுக்கு எடம் இருக்கும்."

அவர் அதற்குமேல் பேசவில்லை. நான் உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் வாத்தியார். அவர் மூன்றாவது வரை படித்தவர். அந்தக் காலத்தில் இந்த ஒரு வித்தியாசமே ஒரு மனிதனின் வாயை அடைக்கப் போதுமானதாக இருந்தது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று பெருமையாக இருந்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அது. வருஷம் சரியாக ஞாபகமில்லை. என் மனைவிக்கு ஞாபகமிருக்கும். கேட்டால் இந்தக் கதையை அவளே எழுதிவிடுவாள் என்பதால் கேட்கவில்லை.

பலூன் செய்த வினை

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். ஒரு பாட்டில், ஒரு பலூன், ஒரு வாளி வெந்நீர். எட்டாம் வகுப்பில் வருஷா வருஷம் நான் செய்துகாட்டும் சோதனை. பாட்டில் வாயில் பலூனை மாட்டி வெந்நீரில் வைத்தால், தொங்கிக் கிடந்த பலூன் மெல்ல எழுந்து நிற்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். "வெப்பத்தால் காற்று விரிவடைகிறது" என்று நான் கரும்பலகையில் எழுதுவேன்.

ஆறு வருஷம் தொடர்ந்து கைதட்டல் வாங்கியவனுக்குக் காற்றைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற எண்ணம் வந்துவிட்டது. பலூனின்மேல் யாரும் உட்கார்ந்து பயணம் போவதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

செஞ்சி வெயில் எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலே தெரிந்துவிடும். ஊரைச் சுற்றிப் பாறை. மேலிருந்து அடிப்பது பாதி, பாறையில் பட்டுத் திரும்பி வருவது மீதி. அந்த வெயிலில் தார் ரோட்டில் கார் போகப்போகிறது. காற்று விரியும். டயர் வெடிக்கும். என் கல்யாணம் நின்றுபோகும். ஆகவே காற்றை இறக்கு. இதுதான் என் கணக்கு.

வலப்பக்கத்து இரண்டு சக்கரங்களிலும் பாதிக் காற்றை இறக்கினேன். பிறகு டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி கிடந்தது. மூடிய டிக்கிக்குள் சூடு இன்னும் அதிகம் அல்லவா? சும்மா கிடக்கும் சக்கரத்துக்குக் காற்று எதற்கு என்று அதை மொத்தமாகவே இறக்கிவிட்டேன்.

மன்னாரு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

மாமாவின் மூட்டைக் கணக்கு

இடப்பக்கத்துக்கு நான் வருவதற்குள் அப்பாண்டை மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. கடை வீதியில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார், வேர்க்கடலை வியாபாரம். என் அப்பா, நைனா, காலமான பிறகு எங்கள் வீட்டில் எல்லா முடிவும் அவருடையதுதான்.

"இன்னாடா பண்ற?"

சொன்னேன். மாமா காரைச் சுற்றி வந்தார். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுகிறவரின் பார்வை.

"முன்னாடி எடப்பக்கம் நானு. பின்னாடி எடப்பக்கம் உங்க அத்தை. பாரம் பூரா எடப்பக்கம். இதுல காத்த எறக்கினா வண்டி குடை சாஞ்சிடும். இந்தப் பக்கம் கல்லு மாதிரி இருக்கணும்."

மாமாவின் மனைவியான அத்தையின் எடை பற்றி நான் கருத்துச் சொல்லமாட்டேன். மாமா தானே எண்பது கிலோ மூட்டையை ஒற்றை ஆளாகப் புரட்டுகிறவர், அவரே பாரம் என்று சொன்னால் பாரம்தான்.

சைக்கிள் கடைக்காரர் கைப் பம்பை மாட்டி அடித்தார். மாமா கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "இன்னும்" என்றார். சைக்கிள் டயரை அமுக்கிப் பார்ப்பதுபோலவே கார் டயரையும் அமுக்கினார். கார் டயர் காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் கட்டைவிரலுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கடைக்காரர் மூச்சு வாங்கும்வரை அடித்தார்.

திண்டிவனம் ரோட்டு பெட்ரோல் பங்கில் காற்றை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. மன்னாரு அதை இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். வாத்தியாரும் மண்டிக்காரரும் இருக்கும்போது கருவி எதற்கு?

என்ன அவசரம்

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தப் பயணம் எனக்கு ஏன் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பெண்ணின் பெயர் விமலா. சீயமங்கலத்துக்கு அருகே ஒரு சிற்றூர். அவளுடைய நைனா ஜினதாஸ் நயினார், நிலபுலம் உள்ளவர். மேல்சித்தாமூர்ச் சமணக் கோயில் தேர்த்திருவிழாவின்போது அவளைப் பார்த்திருக்கிறேன். வடம் பிடிக்கிற கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவரின் செருப்பு காணாமல் போக, அவள் குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்து அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். திருடிப் போட்டிருந்தவனின் காலில் இருந்தே கழற்றினாள். அன்றைக்கே எனக்கு மனசு போய்விட்டது. வேறு பெண்ணைப் பற்றி அம்மா பேச்செடுத்தபோதெல்லாம் எனக்குத் தலைவலி வந்தது.

நயினார் வீட்டிலிருந்து ஒரு சாயங்காலம்தான் ஒதுக்கித் தந்தார்கள். மறுநாள் காலையில் வேறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவர்களிடம் டிராக்டர் இருக்கிறது. எங்களிடம் பலூன் இருந்தது.

எங்கள் சமண வீடுகளில் பொழுது சாய்ந்தால் வாயில் ஒன்றும் போடமாட்டோம். எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் என்றால் சாப்பிடுவார்கள். இல்லையென்றால் அவசர வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவார்கள். வாயால் வேண்டாம் என்று சொல்வதில்லை, அது மரியாதை. இரண்டு வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் அங்கே போய்ச் சேரவேண்டும். சேர்ந்தால் சாப்பாடு, சாப்பிட்டால் விமலா. தாமதமானால் சாப்பிட முடியாது. சாப்பிடாவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். மறுநாள் டிராக்டர் வந்துவிடும்.

அதற்காகத்தான் வாடகைக்குப் பிளசர். அப்போது காரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பஸ்ஸை நம்ப முடியாது என்பது ஒரு காரணம். பிளசரில் போய் இறங்கினால் டிராக்டர் மறந்துபோகும் என்பது மாமாவின் காரணம்.

வலப்பக்கம், வலப்பக்கம்

டிரைவரையும் சேர்த்து ஐந்து பேர். ஒற்றைப்படை, நல்ல சகுனம் என்றாள் அம்மா. முன்னால் மன்னாரு, நான், மாமா. பின்னால் அம்மாவும் அத்தையும். டிக்கியில் பழக்கூடை.

ஊரைத் தாண்டியதும் கார் தன் குணத்தைக் காட்டியது. அது நேராகப் போகவில்லை. வலப்பக்கம் இழுத்தது. மன்னாரு இடப்பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டே வந்தார். கொஞ்சம் கை தளர்ந்தால் போதும், எதிரே வருகிற வண்டியை நலம் விசாரிக்கப் போவதுபோல ரோட்டின் அந்தப் பக்கம் போனது. ஒரு கட்டை வண்டிக்காரர் மாட்டை வயலுக்குள் இறக்கிவிட்டு, எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார்.

உள்ளே நிலைமை இன்னும் விசேஷம். கல்போல இருந்த இடப்பக்கத்துச் சக்கரங்கள் ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லையும் மாமாவுக்கும் அத்தைக்கும் தனித்தனியாக அறிமுகம் செய்துவைத்தன. இரண்டு பேரும் எகிறி எகிறிக் கூரையில் முட்டிக்கொண்டார்கள். அதே வண்டியில் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தூளியில் ஆடுவதுபோல ஆடித் தூங்கிவிட்டாள்.

"இன்னா மன்னாரு, வண்டிய இப்பிடி ஓட்ற?" என்றார் மாமா, தலையைத் தடவிக்கொண்டு.

"நான் ஓட்டலீங்க. அதுவா போவுது. நான் புடிச்சிக்கினு மட்டும் வரேன்."

சேத்துப்பட்டு தாண்டியதும் எரிகிற ரப்பர் வாசனை வந்தது. மன்னாரு மூக்கை உறிஞ்சி என்னைப் பார்த்தார். நான் மலைகளைப் பார்த்தேன். ஒரு ஏரிக்கரைமேல் ஏறும்போது பின் பக்கத்தில் பட்டாசுக் கடையே தீப்பிடித்ததுபோல ஒரு சத்தம். கார் வலப்பக்கம் சாய்ந்து, கொஞ்ச தூரம் நொண்டி, ஒரு பனைமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

அம்மா கண்விழித்து, "ஊரு வந்துடுச்சா?" என்றாள்.

பழக்கூடை மட்டும் போனது

வலப்பக்கத்துப் பின் டயர் கிழிந்து தோலாகத் தொங்கியது. தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. காற்றில்லாத டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிர்ந்து தானே சூடேறிக்கொள்ளும் என்று ஆறு வருஷம் நடத்திய பாடத்தில் எங்கேயும் இல்லை. மன்னாருவின் மூன்றாம் வகுப்பில் இருந்திருக்கிறது.

அவர் ஸ்டெப்னியை இறக்கினார். அது தரையில் பொத்தென்று விழுந்து, உருளாமல் படுத்துக்கொண்டது. பெண் வீட்டுக்கு இன்னும் ஐந்து மைல். பொழுது ஒரு பனை உயரம் இருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து பஸ் வந்தது. முகூர்த்த நாள். கூரைமேலும் ஆட்கள். கண்டக்டர் தலையை நீட்டி, "ஒரு ஆளு ஏறலாம். சீக்கிரம்" என்றார்.

"நீ போடா கண்ணு" என்றாள் அம்மா.

"மாப்பிள்ள தனியா போயி நின்னா, நாதியில்லையான்னு கேப்பாங்க" என்றார் மாமா.

"அப்ப நீங்க போங்க" என்றாள் அத்தை.

"நான் மட்டும் போனா, நாந்தான் மாப்பிள்ளன்னு நெனச்சிக்குவாங்க."

அத்தை அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நெனைக்க மாட்டாங்க. போங்க."

மாமாவுக்கு அது ரோஷமாகிவிட்டது. இரண்டு பேரும் அதைத் தீர்த்துக்கொண்டிருந்தபோது, கண்டக்டர் ஏதோ உதவி செய்கிறோம் என்று டிக்கியிலிருந்து இறக்கி வைத்திருந்த பழக்கூடையை எடுத்துக் கூரைமேல் அனுப்பிவிட்டார். விசில் அடித்தது. பஸ் போனது. பழக்கூடையும் போனது. நான் பின்னாலேயே ஓடி, "ஜினதாஸ் நயினார் ஊட்ல குடுத்துடுங்க. வந்துக்கினே இருக்கோம்னு சொல்லுங்க" என்று கத்தினேன்.

நடந்தே போகிறேன் என்றேன். பிளசரில் வருவதாகச் சொல்லிவிட்டு நடந்துபோனால் குடும்ப மானம் என்ன ஆவது என்று மாமா என் ஜிப்பாவைப் பிடித்துக்கொண்டார். வேறு வழியில்லை. ஸ்டெப்னிக்குக் காற்றடிக்க வேண்டும்.

ஆயிரம் அடி

மன்னாருவிடம் கைப் பம்பு இருந்தது. அடித்தால் காற்று டயருக்குள் போகாமல் என் முகத்துக்கே வந்தது. தோல் வாஷர் காய்ந்துவிட்டது என்றார். அதற்கு எண்ணெய் விடவேண்டும். எண்ணெய்க்கு எங்கே போவது? அத்தையின் பைக்குள் தேங்காயெண்ணெய்ச் சீசா இருந்தது, பெண் வீட்டு வாசலுக்கு முன்னால் தலைவாரிக்கொள்வதற்காக. அத்தை கொடுக்க மறுத்தாள். அம்மா பிடுங்கிக் கொடுத்தாள்.

நான் அடித்தேன். யாரும் சொல்லவில்லை, நானே பம்பை வாங்கிக்கொண்டேன். நூறு வரை எண்ணினேன். டயர் அப்படியே கிடந்தது. இருநூறு. முந்நூறு. ஜிப்பா முதுகோடு ஒட்டிக்கொண்டது. எண்ணெயும் ரப்பர்க் கரியும் சேர்ந்து முழங்கைவரை கறுப்பு. ஒவ்வொரு அடிக்கும் விமலா ஒரு அடி தூரம் போவதுபோல இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்தது. வியர்வையோடு வந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மாமா அவ்வப்போது வந்து கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும்" என்றார்.

எத்தனையாவது அடியோ, ஏரிக்கரையின் அந்தக் கோடியில் சலங்கைச் சத்தம் கேட்டது. வில் வண்டி ஒன்று மாடுகள் நுரை தள்ள வந்துகொண்டிருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஜினதாஸ் நயினார். உள்ளே அவர் மனைவி, நான்கைந்து பித்தளைத் தூக்கு, எங்கள் பழக்கூடை. கூடைக்குப் பக்கத்தில் விமலா.

நயினார் இறங்கினார். "பழம் வந்துது. ஆளு வரல. பொழுதுக்குள்ள நாமளே சோத்த எடுத்துக்கினு போயிடலாம்னு எங்க ஊட்டுக்காரி சொன்னா. ஆக்குனத நாளைக்கா வச்சித் தின்னப் போறோம்?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கௌரவமானார். "எல்லாம் இந்த டிரைவரால வந்ததுங்க. காத்தக்கூடப் பார்த்து வக்கல."

மன்னாரு பம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தேன், அதை மறைத்து எழுத மனமில்லை. சயின்ஸ் வாத்தியார் என்ற ஒன்றைத் தவிர என்னிடம் அவர்களுக்குக் காட்ட வேறு என்ன இருந்தது? ஆனால் மன்னாருவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அவரு வாணாம்னுதாங்க சொன்னாரு. நாந்தான் காத்த எறக்கினேன்."

"நீங்க சயின்ஸ் வாத்தியாருன்னாங்களே?" என்றார் நயினார்.

"ஆமாங்க."

வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல். "ஸ்டெப்னியுமா?"

விமலாதான். தரையில் கிடந்த சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க. அதையுந்தான்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கு எல்லாம் முடிந்துபோனது என்று தோன்றியது.

ஒரு வாய்

சூரியன் மலைமேல் உட்கார்ந்துவிட்டது. "மொதல்ல மாப்பிள்ள சாப்புடட்டும்" என்று நயினார் அவசரப்படுத்தினார். இலை போட்டார்கள். பொங்கல் வைத்தார்கள். நான் கையைப் பார்த்தேன். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். செம்பிலிருந்த தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். கரி இன்னும் பளபளப்பானது.

அம்மா இலையில் கைவைத்து ஒரு உருண்டை உருட்டினாள். "ஆ காட்டு."

இருபத்தேழு வயது. சயின்ஸ் வாத்தியார். பெண் பார்க்க வந்த இடம். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். "பொழுது பூடும்டா" என்று அம்மா தலையில் ஒன்று வைத்தாள். வாய் தானாகத் திறந்தது. பொங்கல் உள்ளே போனது. விழுங்கி நிமிர்ந்தேன், மலைமேல் சூரியன் இல்லை.

மாமா காலையிலிருந்து பட்டினி. பெண் வீட்டுச் சாப்பாட்டுக்காக வயிற்றைக் காலியாக வைத்திருந்தார். "மலைதான் மறைக்குது. அந்தப் பக்கம் பொழுது இன்னும் இருக்கும். இல்லியாடா? நீதான் வாத்தியார், சொல்லு" என்றார்.

அன்றைக்கு இன்னொரு விஞ்ஞானக் கருத்தைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

மன்னாருவுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. நயினாரின் மனைவி அவரை உட்காரவைத்துப் பரிமாறினாள். பொங்கல், புளிசாதம், வடை, பாயசம், மோர். இரண்டு குடும்பம் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, அவர் ஒருவர் மட்டும் எல்லோருடைய சாப்பாட்டையும் நிதானமாகச் சாப்பிட்டார். மாமா ஒவ்வொரு வடைக்கும் கண்ணை மூடித் திறந்தார்.

நயினார் வண்டிப் பக்கம் திரும்பினார். "பையன் சாப்ட்டாச்சி. அவங்க பக்கம் சம்மதம்தான். நீ இன்னாம்மா சொல்ற?"

விமலா என்னைப் பார்க்கவில்லை. மோர் குடித்துக்கொண்டிருந்த மன்னாருவைப் பார்த்தாள்.

"சரின்னு சொல்லு நைனா. காத்து சமாச்சாரத்த மட்டும் அந்த அண்ணங்கிட்ட வுட்டுடச் சொல்லு."

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. "சரிங்க" என்று நான் ஏரிக்கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.